லினக்ஸ் அடிக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு: கேள்வி – பதில்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியதிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வருகிற கேள்விகளின் நிறமே மாறிவிட்டது. எக்செல், போட்டோஷொப் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது "அண்ணா, மிண்ட் அடிக்கப் போனேன், டிஸ்க்கைக் காணவில்லை" என்று எழுதுகிறார்கள். (மிண்ட், உபுண்டு, டெபியன் எல்லாம் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகள், 'அடிப்பது' என்றால் நிறுவுவது.) காரணம் தெரிந்ததுதான். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, நம் வீடுகளில் இருப்பவையோ ஆறாம் ஏழாம் தலைமுறை, நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை, அதைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும். சரி, இம்முறை முழுப் பக்கமும் அதற்கே.

தொடங்குமுன் இரண்டு விஷயம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். அப்புறம், "வைஃபை வேலை செய்யவில்லை, என்ன செய்ய?" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். லெப்டொப் மூடியில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் சொல்லமுடியாது, ஒரே மொடலுக்குள்ளேயே இரண்டு மூன்று கம்பனிகளின் வைஃபை கார்ட் வருகிறது. எனக்குச் சிப்பின் பெயர் வேண்டும். அது மெஷினிடமே இருக்கிறது, கேட்டால் சொல்லும்.

கேள்வி: அண்ணா, ஏஎல் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். அப்பா வாங்கித் தந்த லெப்டொப்பில் (இன்டெல் 11ஆம் தலைமுறை, 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11) பக்கத்தில் உபுண்டுவும் போடலாம் என்று பார்த்தேன். பென்டிரைவில் இருந்து ஓடுகிறது. ஆனால் நிறுவும் இடத்தில் எஸ்எஸ்டியையே காட்டவில்லை, பென்டிரைவை மட்டும் காட்டுகிறது. எஸ்எஸ்டி பழுதா? கடையில் கேட்டால் "லினக்ஸ் இதுக்குச் சரிவராது" என்கிறார்கள். பென்டிரைவ் மச்சான் தந்தது, உபுண்டு 20.04. (மாணவி, வெள்ளவத்தை)

பதில்: எஸ்எஸ்டி பழுதென்றால் விண்டோஸ் எதிலிருந்து ஓடுகிறது, தங்கச்சி? பழுதில்லை, ஒளிந்திருக்கிறது. 11ஆம் தலைமுறையிலிருந்து பல லெப்டொப்களில் இன்டெல் விஎம்டி என்று ஒன்று எஸ்எஸ்டிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் வாசல் காவலாளி மாதிரி நிற்கிறது. விண்டோஸுக்கு அதற்கான டிரைவரைப் போட்டுத்தான் விற்கிறார்கள். பழைய லினக்ஸ் கேர்னலுக்கு (மெஷினின் பாகங்களோடு பேசுகிற மையப் பகுதி அது) அந்தக் காவலாளியோடு பேசத் தெரியாது, ஆகவே உள்ளே இருப்பதும் தெரியாது.

பாதி விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. 20.04 என்றால் 2020 ஏப்ரலில் வந்தது, அதன் ஐந்து வருட ஆதரவும் 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. மச்சானுக்கு நன்றி சொல்லிவிட்டு 24.04ஐ இறக்கி அதே பென்டிரைவில் எழுதிப் பாருங்கள். புதிய கேர்னலில் விஎம்டி டிரைவர் இருக்கிறது, பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே வந்துவிடும்.

வராவிட்டால், அல்லது 'ஆர்எஸ்டியை நிறுத்திவிட்டு வா' என்று (ஆர்எஸ்டி இதே காவலாளியின் இன்னொரு பெயர்) நிறுவி சொன்னால், பயோஸுக்குள், அதாவது இயங்குதளம் எழும்புமுன் திறக்கிற அமைப்புத் திரைக்குள் போகவேண்டும். இங்கேதான் ஆட்கள் அவசரப்பட்டு விண்டோஸைத் தொலைக்கிறார்கள், ஆகவே நான் சொல்கிற ஒழுங்கிலேயே செய்யுங்கள். முதலில் பிட்லொக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11 லெப்டொப்களில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம், பயோஸில் ஒன்றை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கும். உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குக்குள் போய் அந்த 48 இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். போனில் படம் எடுத்தாலும் சரி, ஆனால் அந்த லெப்டொப்புக்குள் மட்டும் சேமிக்காதீர்கள் (செய்தவர்கள் இருக்கிறார்கள்). பிறகு விண்டோஸில் 'எம்எஸ்கொன்ஃபிக்' திறந்து, 'பூட்' பக்கத்தில் 'சேஃப் பூட்' என்பதற்குச் சரி போட்டு ரீஸ்டார்ட் பண்ணி, நேரே பயோஸுக்குள் போங்கள். அங்கே விஎம்டியை நிறுத்துங்கள், கொஞ்சம் பழைய மெஷின்களில் அது 'ஆர்எஸ்டி' அல்லது 'ரெய்ட்' என்று இருக்கும், அதை 'ஏஎச்சிஐ' ஆக்குங்கள். ஏசர் லெப்டொப்கள் சிலவற்றில் இந்த வரியே கண்ணில் படாது, 'மெயின்' பக்கத்தில் நின்று கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால்தான் தலைகாட்டும். சேமித்து வெளியே வாருங்கள். விண்டோஸ் சேஃப் மோட்டில் எழும்பி, புதிய ஒழுங்குக்கு ஏற்ற டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். இனி 'எம்எஸ்கொன்ஃபிக்'கில் அந்தச் சரியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு பொறி மட்டும் இருக்கிறது, சேஃப் மோட்டில் நான்கு இலக்க 'பின்' எண் சிலவேளை எடுபடாது, கணக்கின் உண்மையான கடவுச்சொல் ஞாபகம் இருக்கவேண்டும்.

ஒழுங்கு மாறி நேரே பயோஸில் கை வைத்துவிட்டீர்களா? விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். அழாமல் பயோஸில் பழையபடி மாற்றிவிடுங்கள், திரும்ப வந்துவிடும், அப்புறம் முதலிலிருந்து. கடைக்காரரைக் கோபிக்காதீர்கள், இவ்வளவையும் கவுன்டரில் நின்று விளக்குவதைவிட "சரிவராது" என்பது அவருக்குச் சுகம்.

கேள்வி: தம்பி, தெமட்டகொடையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். டெஸ்க்டொப்பில் மிண்ட் 21 போட்டேன். புறக்கோட்டையில் வாங்கிய குட்டி வைஃபை டொங்கிளைச் செருகினால் வைஃபை வராமல் திரையில் ஒரு சீடி படம் வருகிறது! என் மெஷினில் சீடி டிரைவே இல்லை. விண்டோஸில் இதே டொங்கிள் நன்றாக வேலை செய்தது.

பதில்: அது பேயில்லை ஐயா. அந்த டொங்கிளுக்குள் விண்டோஸ் டிரைவரை வைத்து அனுப்பியிருக்கிறார்கள், செருகியவுடன் "நான் ஒரு சீடி" என்று பொய் சொல்லும். விண்டோஸ் அந்தச் சீடியிலிருந்து டிரைவரை எடுத்தபிறகு வேஷத்தைக் கலைத்து வைஃபையாக மாறும். லினக்ஸுக்கு அந்தச் சீடி தேவையில்லை, வேஷம் கலைந்தால் போதும்.

டெர்மினலில் (கட்டளை தட்டுகிற ஜன்னல்) 'எல்எஸ்யூஎஸ்பி' என்று தட்டுங்கள். ரியல்டெக் என்ற பெயரோடு 0பிடிஏ:1ஏ2பி என்று ஒரு வரி இருந்தால் அதுதான் சீடி வேஷம். படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'இஜெக்ட்' கொடுத்துவிட்டுத் திரும்பவும் அதே கட்டளை, இப்போது பின்பாதி சி811 என்று மாறியிருந்தால் உள்ளே இருப்பது 8821சியு சிப். ஒவ்வொரு முறையும் கையால் இஜெக்ட் பண்ணமுடியாது என்றால் 'யூஎஸ்பி-மோட்சுவிட்ச்' என்கிற மென்பொருள் பொதி அந்த வேலையைச் செய்யும்.

ஆனால் வேஷம் கலைந்தும் வைஃபை வராது, ஏனென்றால் மிண்ட் 21 வருவது 5.15 கேர்னலோடு, இந்தச் சிப்புக்கான டிரைவர் கேர்னலுக்குள் சேர்ந்ததே 6.2இல்தான். மிண்ட் 22க்கு மாறினால் 6.8 கேர்னல், செருகினால் ஓடும். இணையத்தில் யாரோ எழுதிய டிரைவரை இறக்கி, கட்டி, அடுத்த அப்டேட்டில் அது உடைந்து, திரும்பக் கட்டி என்று அலையவும் வழியிருக்கிறது. கடை வைத்திருப்பவருக்கு அது வேண்டாம்.

இடையில் இணையம் வேண்டுமே என்றால், அண்ட்ரொய்ட் போனைக் கேபிளால் செருகி, போன் செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், டிரைவர் ஒன்றும் தேவையில்லை. இதை வைஃபை வராத எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒரேயொரு எச்சரிக்கை: அப்டேட் மனேஜரில் 'எல்லாவற்றையும் நிறுவு' என்பதைப் போன் டேட்டாவில் அழுத்தாதீர்கள், டேட்டா முடிந்துவிடும். வேண்டிய ஒரு பொதியை மட்டும் எடுங்கள்.

கேள்வி: ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். லினக்ஸுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் விண்டோஸில் மணி பிந்திப்போகிறது. மதர்போர்ட் பற்றரி மாற்றினேன், பிரயோசனமில்லை. (கணக்காளர், பம்பலப்பிட்டி)

பதில்: எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்தீர்களா? சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால் பற்றரியில் பிழையில்லை, வீணாக ஒரு சிஆர் 2032 வாங்கிவிட்டீர்கள். மதர்போர்டில் உள்ள மணிக்கூட்டில் விண்டோஸ் கொழும்பு நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். (1996க்கும் 2006க்கும் இடையில் இந்த நாட்டில் மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்திருந்தார்களே, ஞாபகமா? அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் ஆறு மணி என்று சொல்லியிருப்பேன்.) டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்', ஒரு இடைவெளி, 'செட்-லோக்கல்-ஆர்டிசி', ஒரு இடைவெளி, 1. அவ்வளவுதான், லினக்ஸும் கொழும்பு நேரத்தை எழுதத் தொடங்கும்.

பற்றரி போனால் அறிகுறி வேறு. கரண்ட் கட்டாகி வந்த பிறகு திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும், பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்று கத்தும், லினக்ஸ் அப்டேட்டும் நின்றுவிடும்.

கேள்வி: அண்ணா, நான் கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 உள்ள மெஷினில் மிண்ட் போடப் பார்த்தேன். மெனுவில் என்டர் அடித்ததும் திரை கறுத்துவிடுகிறது, பேன் மட்டும் சுத்துகிறது. அரை மணி காத்திருந்தேன். (கொட்டாஞ்சேனை)

பதில்: அரை மணி பொறுமைக்குப் பாராட்டு, ஆனால் அரை நாள் இருந்தாலும் வராது. மெனு வரும்போதே 'கொம்பெட்டிபிலிட்டி மோட்' என்று இன்னொரு வரி இருக்கும், அதை எடுங்கள். உபுண்டுவில் அதன் பெயர் 'சேஃப் கிராஃபிக்ஸ்'. இரண்டும் செய்வது ஒன்றுதான், கேர்னலுக்கு 'நோமோட்செட்' என்ற சொல்லைக் கொடுத்து "இப்போதைக்கு கிராஃபிக்ஸ் கார்டில் கை வைக்காதே" என்கிறது. நிறுவி முடித்து முதல் தடவை எழும்பும்போதும் கறுத்தால், குரப் மெனுவில் (மெஷின் எழும்பும்போது இயங்குதளத்தைத் தெரிவுசெய்கிற பட்டியல்) ஈ எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்குகிற வரியின் கடைசியில் அதே சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை பெரிய பெரிய எழுத்தோடு அசிங்கமாக வரும், பரவாயில்லை, வந்தால் போதும். பிறகு 'டிரைவர் மனேஜர்' திறந்து பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரைப் போடுங்கள்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பலர் கோட்டை விடுகிற இடம். பயோஸில் செக்யூர் பூட் (நம்பிக்கைக் கையொப்பம் இல்லாததை ஏறவிடாத காவல்) போட்டிருந்தால், டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும், ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். ரீஸ்டார்ட் பண்ணியதும் ஒரு நீலத் திரை வந்து 'ஏதாவது விசையை அழுத்து' என்று சில நொடி நிற்கும். பிளேன்ரீ ஊற்றப் போயிருந்தால் அது கடந்து போய்விடும், டிரைவர் இருந்தும் ஏறாது, நீங்கள் "என்விடியா லினக்ஸில் வேலை செய்யாது" என்று ஊரெல்லாம் சொல்வீர்கள். அந்தத் திரையில் 'என்ரோல் எம்ஓகே', அடுத்தது 'கன்டினியூ', 'யெஸ்', பிறகு நீங்கள் வைத்த கடவுச்சொல். ஆகவே அதை ஒரு துண்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டிவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக மேடையில் இருந்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டியது இந்த மாதிரி எரிச்சலில்தான். நிலைமை அதே மாதிரி இல்லை, 2022 மே மாதத்தில் கம்பனி தன் கேர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டது, உங்கள் 1650 அதற்குப் பொருந்துகிற தலைமுறைதான். பழைய ஜிஃபோர்ஸ் 210 மாதிரி கார்ட் வைத்திருப்பவர்கள் கம்பனி டிரைவரைத் தேடி அலையவேண்டாம், அதற்கான 340 வரிசையின் ஆதரவு 2019ஓடு முடிந்தது. லினக்ஸோடு கூடவே வருகிற நூவோ டிரைவரே படம் பார்க்கப் போதும்.

கேள்வி: தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், மெரின் டிரைவ் பக்கம் வீடு. பழைய டெஸ்க்டொப்பில் லினக்ஸ் நிறுவினால் ஒருநாள் 30 வீதத்தில் நிற்கிறது, மறுநாள் 70இல், இன்னொரு நாள் தொடங்கவே இல்லை. மூன்று வேறு லினக்ஸ் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: ஐயா, இது வந்த கடிதங்களுக்குள் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் நிற்கிற இடத்தைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென்டிரைவையோ இறக்கிய கோப்பையோ சந்தேகப்படுவேன். அதற்கு மெனுவிலேயே 'இன்டெக்ரிட்டி செக்' இருக்கும். போலிக் கொள்ளளவு போட்ட பென்டிரைவும் இந்த ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது, 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே எட்டுக்கூட இருக்காது, 'எஃப்3' என்கிற மென்பொருள் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இடம் மாறி மாறி நின்றால், மூன்று லினக்ஸிலும் நின்றால், என் கை முதலில் ரெம்முக்குத்தான் போகும்.

அதுவும் கடலுக்கு இவ்வளவு கிட்ட. எனக்கே நடந்திருக்கிறது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க அறையொன்றில் இருந்தபோது என் மெஷின் இப்படித்தான் நினைத்த நேரத்தில் நின்றது, இரண்டு வாரம் கேர்னலைத் திட்டினேன். கடைசியில் மூடியைக் கழற்றி ரெம்மைப் பிடுங்கிப் பார்த்தால், தங்க நிறத்தில் இருக்கவேண்டிய பல்வரிசை மங்கி, ஓரத்தில் பச்சைப் பொட்டு. உப்புக் காத்து. பள்ளிக்கூட அழிறப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினேன். அன்றைக்கே நிறுவி முடிந்தது. நீங்களும் அதைச் செய்யுங்கள், வயரைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, மிச்சமிருக்கிற மின்சாரத்தை வெளியேற்றிய பிறகு.

அதன் பிறகு 'மெம்டெஸ்ட்'. நிறுவல் பென்டிரைவின் மெனுவிலேயே பெரும்பாலும் இருக்கும், இரவு போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் சிவப்பு வரி ஒன்று இருந்தாலும் அந்த ரெம் வேண்டாம். இரண்டு ரெம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் எது களவாளி என்று தெரிந்துவிடும். ரெம் சுத்தமென்றால் அடுத்தது ஹார்ட் டிஸ்க்: லைவ் லினக்ஸில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுவது) 'டிஸ்க்ஸ்' திறந்து 'ஸ்மார்ட்' விவரத்தைப் பாருங்கள், 'ரீஅலொகேட்டட்', 'பென்டிங்' என்ற வரிகளில் சைபர் இல்லாமல் வேறு எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால், டிஸ்க் விடைபெறப் போகிறது. படங்களை முதலில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் நாலு பழைய கோர் 2 டியோ கணினி, 2 ஜிபி ரெம். 32 பிட் லினக்ஸ் எங்கே கிடைக்கும்?

பதில்: தேடவேண்டாம். கோர் 2 டியோ 64 பிட் புரொசெசர். 32 பிட் விண்டோஸ் 7 போட்டிருந்ததால் மெஷினும் 32 என்று நினைக்கிறீர்கள். உபுண்டு 2017இலேயே 32 பிட் டெஸ்க்டொப்பை விட்டுவிட்டது, 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல் அந்த நிறுவியே இல்லை. 64 பிட் டெபியனை எக்ஸ்எஃப்சிஇ என்ற பாரம் குறைந்த திரை அமைப்போடு போடுங்கள், முடிந்தால் ரெம்மை 4 ஆக்கி ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் பிள்ளைகள் தட்டச்சுப் பழகப் போதும். யூடியூப் முழு எச்டியில் கேட்காதீர்கள்.

கேள்வி: பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கப் போகிறேன், லினக்ஸுக்கு எது நல்லம்? (பல்கலைக்கழக மாணவன்)

பதில்: பெயர் சொல்லமாட்டேன் தம்பி. பையில் லைவ் பென்டிரைவ் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாஸாவுக்குப் போங்கள். காசு கொடுக்குமுன் "பத்து நிமிஷம் இதைப் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். போன மாதம் நான் கேட்டபோது கடைப் பொடியன் சந்தேகமாகப் பார்த்தான், வைரஸ் ஏற்ற வந்தவன் என்று நினைத்திருப்பான், பிறகு தானும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டான். வைஃபை உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டைப் பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா ('டம்மி அவுட்புட்' என்று காட்டினால் பெரும்பாலும் சவுண்ட் சிப்புக்கு ஃபேம்வெயார், அதாவது சிப்பை இயக்குகிற சிறு மென்பொருள் இல்லை), கமெரா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற விசை, டச்பேடில் இரண்டு விரல். கடைசியாக மூடியை மூடி ஒரு நிமிடம் விட்டுத் திறவுங்கள். அன்றைக்கு மூன்று லெப்டொப் பார்த்தேன், மூடித் திறந்தபோது திரும்ப எழும்பியது இரண்டு. மூன்றாவதைப் பொடியன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் எழுப்பினான், "இது விண்டோஸுக்கு எண்டு சொல்லி வைக்கிறன் அண்ணா" என்று உள்ளே கொண்டுபோய் வைத்தான்.